வடுகவழி: வேங்கடத்துக்கு நடந்தவர்களும் அவர்கள் கடந்த மொழியும்

ஐரோப்பிய நகரங்களைப் பற்றிய பயண எழுத்தில் ஒரு பாராட்டு தவறாமல் இடம்பெறும்: அவை கால்நடையாகப் பார்ப்பதற்கென்றே அமைந்தவை. வெனிஸின் பழைய நகரத் தெருக்களில் மோட்டார் வாகனமே கிடையாது. ரோமின் பழைய தெருக்களில் ஒரு சதுக்கத்திலிருந்து அடுத்த சதுக்கத்துக்குப் போவதற்குள் ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரேயும் பேடெக்கரும் வெளியிட்ட சிவப்பு அட்டைக் கையேடுகள், எந்தத் தெருவில் திரும்பினால் எந்தக் கோபுரம் தெரியும் என்று நடப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தன. வால்டர் பெஞ்சமின் பாரிஸின் வணிகக் கூடங்களில் திரியும் நடையரை நவீனத்துவத்தின் அடையாள உருவாகவே எழுதி நிறுத்தினார். அவருக்குப் பிறகு, பார்ப்பதற்காக நடத்தல் என்பது ஐரோப்பிய நகரம் கண்டுபிடித்த ஒன்று என்ற எண்ணம் கல்விப்புலத்தில் பரவியது. தமிழ்ப் பயண இலக்கியம் குறித்து இன்று எழுதப்படும் ஆய்வேடுகளிலும் முதல் இயலில் அவர் வந்துவிடுகிறார்.

அந்த முதல் இயலில் வந்திருக்க வேண்டிய வேறொருவர் உண்டு. அவருக்குப் பெயர் இல்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் அவர் மாங்காட்டு மறையோன் என்று மட்டுமே அறியப்படுகிறார்.

உறையூரிலிருந்து மதுரை நோக்கி நடக்கும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வழியில் ஒரு சோலையில் அவரைச் சந்திக்கிறார்கள். குடமலைப் பக்கத்து மாங்காட்டைச் சேர்ந்த அவர் வணிகத்துக்கோ தூதுக்கோ புறப்பட்டவர் அல்லர். அரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் தம் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவலே தம்மைக் கிளப்பியது என்கிறார். பார்ப்பதற்காகவே ஊர் விட்டு ஊர் நடக்கும் ஒருவர் தமிழ் இலக்கியத்தில் இவ்வளவு வெளிப்படையாகத் தம் நோக்கத்தைச் சொல்லிக்கொள்வது குறிப்பிடத்தக்கது. மதுரைக்கு வழி கேட்ட கோவலனுக்கு அவர் கொடுக்கும் விடை அதைவிடச் சுவையானது. முன்னே பாதை சூலத்தின் முனைபோல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் என்னென்ன மரங்கள், எந்தெந்தப் பயிர்கள், எங்கே சிறுமலை. இடப்பக்கம் போனால் திருமால் குன்றமும் அதன் பிலமும் மூன்று பொய்கைகளும். நடுவழியில் மயக்கும் கானுறை தெய்வம். நடந்தவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் இவை. அந்தப் பொய்கைகளின் அற்புதங்களில் தமக்கு ஆர்வமில்லை என்று கவுந்தியடிகள் மறுத்துவிடுகிறார் என்பதையும் இளங்கோவடிகள் விடாமல் பதிவு செய்கிறார். வழிகாட்டி பரிந்துரைக்கும் எல்லாவற்றையும் பயணி ஏற்க வேண்டியதில்லை என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையையே வைத்திருந்த மொழிக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. எந்த நிலத்தில் எந்த உணவு கிடைக்கும், எந்த மலைச்சரிவில் கால் வழுக்கும் என்று ஒரு கலைஞர் இன்னொருவருக்குச் சொல்லும் வடிவம் அது. மலைபடுகடாம் இதை வெகுதூரம் கொண்டுசெல்கிறது. புரவலரைப் புகழ்வதற்கான உத்தி என்று மட்டும் ஆற்றுப்படையை வகுப்பறையில் சுருக்கிவிடுவதால், அது பாதையைப் பற்றிய இலக்கியம் என்பது மறந்துபோகிறது.

மாங்காட்டு மறையோன் அடைய விரும்பிய வேங்கடம், அவருக்கு முன்பே நெடுங்காலமாகத் தமிழ்ப் பாடல்களில் நின்ற மலை. ஆனால் அங்கே அது தெய்வம் உறையும் இடமாக மட்டும் நிற்கவில்லை. அகநானூற்றில் மாமூலனார் பாடல்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு வேங்கடம் ஒரு வாசலாகத் தோன்றும். புல்லி என்ற தலைவனின் மலை அது. பொருள் தேடிப் போகும் ஆண் அதைக் கடந்து அப்பால் செல்கிறான். தலைவி இங்கே நாட்களை எண்ணுகிறாள். அப்பால் இருப்பதற்குச் சங்கப் புலவர்கள் தந்த பெயர் ‘மொழிபெயர் தேஎம்’, அதாவது மொழி வேறாகும் நாடு. ஒரு நிலத்தை அதன் அரசனாலோ ஆற்றாலோ அடையாளப்படுத்தாமல், கடப்பவரின் காதுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதால் அடையாளப்படுத்தும் தொடர் இது. வரைபடம் பார்ப்பவருக்கு இந்தத் தொடர் தோன்றியிருக்காது. நடப்பவருக்கே தோன்றும்.

இதற்கு ஐரோப்பாவில் ஓர் இணை உண்டு. அது பாரிஸில் இல்லை, பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா திருத்தலத்துக்குப் பிரான்ஸிலிருந்து நடந்து செல்வோருக்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு வழிநூல் எழுதப்பட்டது. கலிக்ஸ்தினுஸ் சுவடி என்ற தொகுப்பின் ஐந்தாம் பகுதி அது. எந்த ஆற்றின் நீர் குடிக்கத் தகும், எது ஆகாது, எந்தப் படகுக்காரர் ஏமாற்றுவார் என்றெல்லாம் அதில் உண்டு. பாஸ்க் நாட்டைக் கடக்கும் இடத்தில் அதன் ஆசிரியர் ஒரு சிறு சொற்பட்டியலைத் தருகிறார்: ரொட்டி, மது, இறைச்சி, மீன், வீடு, கோதுமை, நீர். பாஸ்க் மக்களை அவர் கடுமையாக இகழ்கிறார். அவர்களது மொழியை நாய் குரைப்போடு ஒப்பிடவும் தயங்கவில்லை. ஆனால் பசித்தவருக்கு ரொட்டிக்கு அங்கே என்ன சொல் என்று தெரிந்தாக வேண்டும். பாஸ்க் மொழியின் மிகப் பழைய சொற்பட்டியல்களுள் ஒன்று இப்படி ஒரு நடைவழிகாட்டியின் வழியே மொழியியலாளர்களுக்குக் கிடைத்தது. வேங்கடம் கடந்த எந்தத் தமிழ் வணிகனும் அத்தகைய பட்டியலை விட்டுச் செல்லவில்லை. பாதையின் பெயரையே விட்டுச் சென்றார்கள்.

அந்தப் பெயர் வடுகவழி. இன்றைய சித்தூர், வட ஆற்காட்டுப் பகுதிகளை ஆண்ட பாண அரசர்களின் நாடு, இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘வடுகவழி மேற்கு’ என்று குறிக்கப்படுகிறது. வடுகர் நாட்டுக்குச் செல்லும் வழிக்கு மேற்கே உள்ள பகுதி என்பது பொருள். பாணர்களின் சமஸ்கிருதச் செப்பேடு இதையே ஆந்திரப் பாதையின் மேற்குப் பாகம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தருகிறது. ரேணிகுண்டாவுக்கு அருகிலுள்ள குடிமல்லம், கிறிஸ்துவுக்கு முற்பட்டதாகப் பலரும் கருதும் லிங்கத்துக்காக உலகப் புகழ் பெற்றது. அதே கோயிலின் பாணர் காலக் கல்வெட்டுகள் இந்த வழியின் அருகில் எழுந்தவை என்பதை அங்கு செல்லும் கலை வரலாற்று மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரு சாலை தன் பெயரை ஒரு நாட்டுக்கே கொடுத்தது என்றால், அதில் எத்தனை கால்கள் போய்வந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வழியில் நடந்தவருக்கு மொழி எந்த இடத்தில் மாறியது? இந்தக் கேள்வியின் வடிவமே தொடர்வண்டிப் பயணியின் கேள்வி. அரக்கோணத்தில் உறங்கி ரேணிகுண்டாவில் விழிப்பவருக்கு எழுத்துப்பலகை மாறியிருக்கும். ஆகவே எங்கோ ஒரு கோடு இருந்தாக வேண்டும் என்று அவர் நினைப்பார். நடப்பவருக்குக் கோடு கிடையாது. நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்குகின்றன. தமிழர் அங்கே தெலுங்கை வடுகு என்று அழைத்த காலமும், தெலுங்கர் தமிழை அரவம் என்று அழைத்த காலமும் உண்டு. இரண்டு பெயர்களும் அடுத்த வீட்டுக்காரர் வைத்த பெயர்களே.

ஊர்ப்பெயர்களிலும் இதே நிலை. சித்தூர் என்பது சிற்றூர். காற்று பேச்சில் காத்து ஆவதுபோல, ஆற்றங்கரை ஆத்தங்கரை ஆவதுபோல, றகர இரட்டிப்பு தகர இரட்டிப்பாவது தமிழ்ப் பேச்சு வழக்கின் பொது இயல்பு. தெலுங்கு அந்தப் பெயரை எழுத்துத் தமிழிலிருந்து எடுக்கவில்லை. தெருவில் கேட்டதை எடுத்துக்கொண்டது. மலைப்பாதையில் இன்னொரு சான்று உண்டு. அலிபிரி வழியின் கடைசிச் செங்குத்து ஏற்றத்துக்குத் தெலுங்கில் மோகாள்ள மிட்ட என்று பெயர். மோகாலு என்பது முழங்கால். மிட்ட என்பது மேடு. மோகாலும் முழங்காலும் ஒரே திராவிட வேர்ச்சொல்லின் இரு வளர்ச்சிகள். தமிழ் ழகரத்தை அதன் இடத்திலேயே காத்தது; தெலுங்கில் அது இடம் மாறி ரகரமாகி, பிறகு பேச்சில் மறைந்துபோனது. மேடும் மிட்டயும் அவ்வாறே உறவுச் சொற்கள். முழங்கால் வலிக்க அந்த மேட்டில் ஏறும் தமிழரும் தெலுங்கரும் ஒரே சொல்லைத்தான் இரண்டு விதமாக முனகுகிறார்கள்.

மலையடியில் உள்ள நகரத்தின் அமைப்புக்கும் நடையே அடிப்படை. இன்றைய திருப்பதி நகரம் திருமலையைவிட வயதில் இளையது. அதற்கு முன் சமவெளியில் முதன்மை பெற்றிருந்த ஊர் திருச்சானூர். கோவிந்தராசர் கோயிலை இராமாநுசர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிறுவி, அதைச் சுற்றி வீதிகள் வகுத்தார் என்பது வைணவ மரபு. மரபின் விவரங்கள் எப்படி இருந்தாலும், வீதிகள் வகுக்கப்பட்ட முறை கண்கூடு. கோயிலைச் சுற்றி மாடவீதிகள், அவற்றிலிருந்து கிளைக்கும் சன்னதி வீதி, அருகே புஷ்கரிணி. ஐரோப்பிய இடைக்கால நகரத்தில் பேராலயமும் அதன் முன்னுள்ள சதுக்கமும் செய்யும் வேலையை இங்கே வலம்வரும் வீதி செய்கிறது. வேறுபாடும் உண்டு. சதுக்கம் நின்று பார்ப்பதற்கானது. மாடவீதி சுற்றி நடப்பதற்கானது. சதுக்கத்தில் காட்சி ஒரே பார்வையில் விரியும். வீதியில் அது மூலைக்கு மூலை தவணையாகக் கிடைக்கும். தொடர்வண்டி நிலையத்துக்கு மறுபக்கத்திலேயே இந்தப் பழைய நகரம் இருந்தும், வந்திறங்குவோரில் பெரும்பாலோர் பேருந்தைத் தேடி நேரே மலைக்குப் போய்விடுகிறார்கள். திருப்பதிக்கு வந்து திருப்பதியைப் பார்க்காமல் திரும்பும் இந்த வழக்கத்தைப் போல ஒன்று ஐரோப்பிய நகரம் எதிலும் காண்பது அரிது.

மலையேற்றத்தின் வரலாறு காலைப் பற்றிய ஒரு தயக்கத்தோடு தொடங்குகிறது. பன்னிரு ஆழ்வார்களில் பதின்மர் வேங்கடத்தைப் பாடியிருக்கிறார்கள். அவர்களுள் குலசேகராழ்வாரின் ஆசைகள் விசித்திரமானவை: அந்த மலையில் பறவையாக, மீனாக, மரமாக, காட்டாறாக இருந்தால் போதும் என்கிறார், ஏறுவோரின் கால்கள் மிதிக்கும் பாதையாகவே கிடக்கவும் விரும்புகிறார், கடைசியில் அடியார் ஏறி இறங்கும் படியாகக் கேட்கிறார். கருவறை வாயிற்படிக்கு இன்றும் குலசேகரப்படி என்று பெயர். பாதையைப் பற்றிய கவிதைகள் பல மொழிகளில் உண்டு. பாதையாக ஆக விரும்பும் கவிதை அரிது.

மலை ஆதிசேடனின் உடல் என்று கருதியதால் அதன்மீது கால் வைக்கத் தயங்கிய இராமாநுசர் முழங்காலால் ஏறினார் என்பது மரபு. அவருக்கு இராமாயணப் பொருள் சொன்ன திருமலைநம்பி, தினமும் மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கிவந்து பாடம் நடத்தி மீண்டும் ஏறினார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. மோகாள்ள மிட்டயில் பாஷ்யகாரருக்கு ஒரு சன்னதி இருக்கிறது. இன்றும் சிலர் அந்தப் படிகளை முழங்காலால் ஏறுகிறார்கள். ரோமில், லாத்தரன் பகுதியில் உள்ள புனிதப் படிக்கட்டின் இருபத்தெட்டு படிகளையும் முழங்காலால் மட்டுமே ஏறுவது வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் மரப்பலகை மூடியிருந்த அந்தப் பளிங்கை 2019இல் செப்பனிடுவதற்காகத் திறந்தபோது, கல் ஆழமாகக் குழிந்து தேய்ந்திருந்தது தெரியவந்தது. கல்லில் மக்கள் எழுதிய எழுத்து என்று அதைக் கொள்ளலாம். கல்வெட்டியலாளர்கள் படிக்காத வகை எழுத்து அது.

தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் பற்றிய கதையிலும் கால்தான் மையம். பதினைந்தாம் நூற்றாண்டில் கடப்பைப் பகுதியிலிருந்து இளம்பிள்ளையாகப் புறப்பட்டு வந்த அவர், காலணியோடு மலையேறி, மோகாள்ள மிட்டயில் களைத்து விழுந்தார். அலர்மேல்மங்கைத் தாயார் உணவு கொடுத்து, காலணியைக் கழற்றச் சொன்னார். தெலுங்குப் பதக் கவிதையின் வரலாறு அந்த இடத்தில் தொடங்குகிறது என்று மரபு கொள்கிறது. அவருடைய கீர்த்தனைகள் பொறிக்கப்பட்ட செப்பேடுகள் திருமலைக் கோயிலின் ஓர் அறையிலிருந்து 1922இல் வெளிவந்தன. கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு கவிஞரின் பிறப்பை ஏற்றத்தின் களைப்போடு இணைத்த மரபு, அந்த ஏற்றத்தை நன்கு அறிந்தவர்களால் உருவாக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அரசர்களின் நடை கல்வெட்டில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்தார். முதல் ஆண்டிலேயே மூன்று முறை. அவரும் அவருடைய தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகள் கோயில் வாயிலுக்குள் உள்ளன. சந்திரகிரிப் பக்கத்திலிருந்து ஏறும் குறுக்குப்பாதை இன்று ஸ்ரீவாரி மெட்டு எனப்படுகிறது. ஏறத்தாழ 2,400 படிகள், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அலிபிரிப் பாதை நீளமானது: சுமார் 3,550 படிகள், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர்.

கோயிலின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1930களில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டபோது தெளிவான ஒன்று, இன்றைய அரசியலில் இரு தரப்பாருக்கும் சங்கடமானது: பெரும்பாலானவை தமிழில் உள்ளன, விஜயநகர அரசர் காலத்தவையும், தெலுங்கு நாட்டார் கொடுத்த கொடைகளும் அவற்றில் அடங்கும். காடவன் பெருந்தேவி என்ற சாமவை, வெள்ளித் திருமேனியும் நிலமும் கொடுத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு தமிழ். சாளுவ நரசிம்மர் காலத்தில் இராமாநுசக் கூடங்களில் நடந்து வருவோருக்கு உணவளிக்க ஏற்பாடு செய்த ஆவணங்களும் தமிழ். அந்தக் காலக் கொடையாளர்கள் கல்லின் மொழியை உரிமைப் பத்திரமாகக் கருதவில்லை. அந்தக் கோயிலின் அலுவல் வழக்கு அது, அவ்வளவே. கூடத்தில் இலை போட்டவர் எந்த மொழியில் உண்ண அழைத்தார் என்பதைக் கல் சொல்லாது.

ஐரோப்பியரும் இந்த வழிகளில் வந்தார்கள். இரண்டாம் வேங்கடபதி ராயரின் அவைக்கு மயிலாப்பூரிலிருந்து 1598இல் சேசு சபைத் துறவிகள் சந்திரகிரிக்கு வந்தனர். அவர்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் சந்திரகிரியை ஒரு தலைநகராகக் காட்டுகின்றன; இன்று அங்கே இராஜ மகால் அருங்காட்சியகமும் கோட்டைச் சுவரும் எஞ்சியுள்ளன. ஹைதர் அலி 1782 டிசம்பரில் சித்தூர் அருகே படைப் பாசறையில் இறந்தார். படைகளின் நடை வேறு வகை வரலாறு.

பயணத்தின் வரலாற்றில் இந்த வழிக்கு மிக நெருக்கமான ஆவணம் ஏனுகுல வீராசாமியுடையது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர் 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். திருப்பதி அவருடைய தொடக்கத் தங்கல்களுள் ஒன்று. வழியெங்கும் அவர் எழுதிய குறிப்புகள் காசி யாத்திரை சரித்திரம் என்ற தெலுங்கு நூலாக 1838இல் அச்சேறின. சாலை எப்படி, நீர் எப்படி, சத்திரத்தில் என்ன கிடைக்கும், எந்த ஊரில் எந்த மொழி என்று நாள்தோறும் எழுதிய அவரது முறை, சந்தியாகோ வழிநூலுக்கும் ஆற்றுப்படைக்கும் ஒருசேர உறவானது. கம்பெனி அரசு கோயில் வருமானத்தை எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இந்த நூலைத் தெலுங்கின் முதல் பெரும் பயண நூல் என்று கொண்டாடுவது தகும்.

ஆனால் அவர் பெரும்பகுதி நடக்கவில்லை. பல்லக்கில் சென்றார். பரிவாரத்தில் ஏறத்தாழ நூறு பேர் இருந்தார்கள், நடந்தவர்கள் அவர்கள். சென்னையிலிருந்து காசி வரை மொழி எங்கெங்கே எப்படி மாறியது என்பதைக் காலால் அறிந்தவர்கள் பல்லக்குத் தூக்கிய போயிகள். வழி கேட்டவர்களும் அவர்களே, தண்ணீர் கேட்டவர்களும் அவர்களே. நூலில் எழுதப்பட்ட மொழிகள் பற்றிய குறிப்புகளில் எத்தனை அவர்கள் வாயிலிருந்து வந்திருக்கும் என்ற கேள்வியைப் பயண இலக்கிய ஆய்வு இன்னும் முறையாக எழுப்பவில்லை. இது வீராசாமிக்கு மட்டும் உரிய குறை அன்று. ஐரோப்பிய உயர்குடி இளைஞர்களின் பெருஞ்சுற்றுப் பயணங்களிலும் மூட்டையைச் சுமந்தவர்கள் எழுதவில்லை. திருமலைப் பாதையிலும் வசதி உள்ளவர்களை டோலியில் தூக்கிச் சென்றவர்கள் இருந்தார்கள். ஒரே படியில் ஒருவரது ஏற்றம் பக்தி, இன்னொருவரது ஏற்றம் கூலி. நடையின் இன்பத்தை எழுதும்போது, நடப்பதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. பெஞ்சமினின் நடையருக்கும் பாரிஸில் அந்த உரிமை இருந்தது. அதே தெருவில் சுமை இழுத்தவருக்கு இல்லை.

பிறகு வந்தவை விரைவாக வந்தன. 1843இல் கம்பெனி கோயில் நிர்வாகத்தைக் கைவிட்டு ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருப்புப்பாதை வந்தது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்தது. 1944இல் முதல் மலைச்சாலையும் 1974இல் இரண்டாவதும் திறக்கப்பட்டன. அதுவரை மலையேறிய அனைவரும் நடந்தோ தூக்கப்பட்டோ ஏறினார்கள். அதன் பிறகு நடை ஒரு தேர்வாயிற்று. தேர்வான பிறகே நடைக்கு வேண்டுதல் என்ற தனிச் சிறப்பு முழுமையாகக் கூடியது எனலாம். எல்லோரும் நடந்த காலத்தில் நடந்து வருகிறேன் என்று தனியே வேண்டிக்கொள்ள அதிகக் காரணம் இல்லை.

எல்லைப் பிரச்சினையின்போது இந்தப் பகுதியின் மொழி வரைபடத்துக்குள் கொண்டுவரப்பட்டது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம.பொ. சிவஞானம் முதலியோர் வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்று போராடினர். பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. கிராமத்தை அலகாகக் கொள்வது, நிலத் தொடர்ச்சியைப் பார்ப்பது, மொழிப் பெரும்பான்மையைக் கணக்கிடுவது என்பவை அவர் கைக்கொண்ட அளவுகோல்கள். ஒரு நிர்வாகத் தீர்வுக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. எனினும் வீட்டில் ஒன்றும் வயலில் ஒன்றும் பேசியவரைக் கணக்கெடுப்பின் ஒரே கட்டத்தில் அடைக்க வேண்டியிருந்தது. இரு தரப்பு இயக்கங்களும் சங்கப் பாடலின் வேங்கடத்தை எல்லைக் கல்லாகப் படித்தன. மாமூலனார் அதைக் கடக்கும் இடமாகப் பாடியிருந்தார்.

சித்தூர் மாவட்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று நடந்தவர் ஒருவரும் உண்டு. அன்று கடப்பை மாவட்டத்தில் இருந்து, பின்னர் சித்தூரில் சேர்ந்த மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1961 முதல் எழுதிய நாட்குறிப்பில் சுவிட்சர்லாந்தின் க்ஸ்டாட், பாரிஸ், ரோம் ஆகிய இடங்களில் நடந்த நடைகளையும், பிறகு மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியில் நடந்த நடைகளையும் ஒரே நடையில், ஒரே கவனத்தோடு பதிவு செய்தார். ஐரோப்பிய நகரத்துக்கு ஒரு கண்ணும் சொந்த மண்ணுக்கு ஒரு கண்ணும் என்று பிரித்துக்கொள்ளாத அந்தப் பார்வையைப் பயண எழுத்தாளர்கள் படிப்பது நல்லது. அவர் எந்தத் தலத்துக்கும் போவதற்காக நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்று அலிபிரிப் பாதையில் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. மூட்டைகளைத் தேவஸ்தானம் கட்டணமின்றி மேலே சேர்த்துவிடுகிறது. மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் கொளுத்தி, படிக்குப் படி குனிந்து ஏறும் பெண்களைத் தாண்டி இளைஞர்கள் கைப்பேசியில் நேரம் பார்த்து ஓடுகிறார்கள். காலி கோபுரம் தாண்டிய பிறகு சிறிது தூரம் படிப்பாதையும் மலைச்சாலையும் அருகருகே செல்கின்றன. சில நிமிடங்களுக்கு நடப்பவரும் பேருந்துப் பயணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். கூரையும் விளக்கும் காட்டை மறைத்தன, காடு மறையவில்லை. 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானாள். அதன் பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களை அனுமதிப்பது நிறுத்தப்பட்டது. நடப்பவர்கள் கையில் தடி கொடுக்கப்பட்டது. வேங்கடத்தின் யானைகளையும் இருள் வழிகளையும் பற்றி அஞ்சிய சங்கத் தலைவிக்கு அந்தத் தடி விளங்கியிருக்கும்.

வடுகவழியும் முற்றிலும் ஓயவில்லை. புரட்டாசியில் சென்னை சௌகார்பேட்டைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடைகள் புறப்படுகின்றன. யானைக்கவுனியைக் குடை தாண்டும் வேளையைக் காண வட சென்னை திரண்டு நிற்கும். அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் என்று நாள்கணக்கில் ஊர்ந்து சென்று, திருச்சானூரிலும் பிறகு திருமலையிலும் அவை சமர்ப்பிக்கப்படுகின்றன. அதே மாதத்துச் சனிக்கிழமைகளை ஒட்டி, மஞ்சள் ஆடை உடுத்தியவர்கள் திருவள்ளூர், வேலூர், காஞ்சிபுரம் பக்கங்களிலிருந்து சாலையோரமாக நடக்கிறார்கள். ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திர எல்லைப் பலகை வரும். நாகலாபுரம், புத்தூர் வழியில் மோர் கொடுப்பவர் நீளா, மஜ்ஜிகயா என்று கேட்பார். நடந்து வந்தவர் மோர் என்பார். இருவரும் அதற்கு மேல் மொழிபெயர்ப்பு கேட்பதில்லை. குவளையைத் திருப்பிக் கொடுத்தவர், திருப்பதிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தமிழிலேயே விசாரித்துவிட்டு நடையைத் தொடர்கிறார்.